தேடிச் சென்று காணவேண்டிய படங்கள்

திரைப்பட ரசிகன் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றும் உருவம் ஒன்றுண்டு. விருப்பமான நடிகரின் படம் வெளியாகும் நாளில் முதற்காட்சிக்கு முண்டியடித்து நிற்பவன். ஒரே படத்தைப் பத்து முறை பார்த்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவன். பாட்டையும் வசனத்தையும் மனப்பாடமாக ஒப்பிப்பவன். அவனை நாம் இகழவேண்டியதில்லை. எனினும் அவன் பார்த்த படங்களைப் பட்டியலிட்டு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவற்றுள் ஒன்றையேனும் அவன் தேடிச் சென்று பார்த்ததில்லை. சுவரொட்டியும் விளம்பரமும் அவனைத் தேடி வந்தன. அவன் பின்தொடர்ந்து சென்றான். அவ்வளவே.

நூல்களைப் பொறுத்தவரையில் நாம் அவ்வாறு நடந்துகொள்வதில்லை. அரிய நூல் ஒன்று எங்கோ ஒரு நூலகத்தின் மூலையில் இருப்பதாகக் கேள்வியுற்றால், நாலு பேரிடம் சொல்லிவைத்தாவது பெற்றுப் படிக்கிறோம். படித்தபின் அதைப்பற்றிப் பிறரிடம் வாதிடுகிறோம். திரைப்படத்துக்கு மட்டும் அத்தகைய முயற்சி வேண்டியதில்லை என்று நமக்கு நாமே முடிவு செய்துகொண்டோம். அதன் விளைவாக, நம்மைப்பற்றி எடுக்கப்பட்ட சில நல்ல படங்களின் பெயரைக்கூட நம் வீட்டுப் பிள்ளைகள் அறியாதிருக்கின்றனர்.

சினிமா பார்ப்பது ஆகுமா, ஆகாதா என்னும் வழக்கை ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அது ஆலிம்கள் பேசவேண்டிய பொருள். அவர்களிடமே விட்டுவிடுவோம். ஆனால் ஒன்றை மறுக்க இயலாது. படம் இப்போது கொட்டகையில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. வாப்பா வாங்கிக் கொடுத்த கைபேசியில், உம்மா அடுப்படியில் இருக்கும் நேரத்தில், பிள்ளை கேட்பாரின்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வாசல்வழியே தடுக்க முடியாமற் போன ஒன்றை, எதைப் பார்ப்பது, எதை விடுவது என்னும் தெளிவினால்தான் நெறிப்படுத்த முடியும். அந்தத் தெளிவுக்கு உதவுமாறு, பரவலாக அறியப்படாத சில இந்திப் படங்களை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம்.

அலங்காரமும் அச்சமும்

இந்தித் திரையுலகில் 'முஸ்லிம் சமூகப் படம்' என்றே ஒரு வகை இருந்தது. 1960-இல் வந்த 'சௌத்வீ(ன்) கா சாந்த்', 1963-இல் வந்த 'மேரே மெஹ்பூப்' ஆகியவை அவ்வகையில் புகழ் பெற்றவை. 1972-இல் வந்த கமால் அம்ரோஹியின் 'பாக்கீஸா' அதன் உச்சம் எனலாம். இப்படங்களில் முஸ்லிம் ஒரு நவாபாகவோ, கவிஞனாகவோ, முகத்திரையை விலக்கத் தயங்கும் நங்கையாகவோ, ஆடலரங்கின் அழகியாகவோ வருவார். இனிய உருதும், கஸலும், சரவிளக்குகளும் நிறைந்த உலகம் அது. கண்ணுக்கும் செவிக்கும் விருந்துதான். ஆனால் அந்த மாளிகைகளில் யாரும் வாடகை கொடுப்பதில்லை. அரிசி விலையைப்பற்றிப் பேசுவதில்லை. வேலை கேட்டு விண்ணப்பம் எழுதுவதில்லை.

1990-களுக்குப் பின்னர் அலங்காரம் போய் அச்சம் வந்தது. துப்பாக்கியும் தாடியுமாக ஒருவன் திரையில் தோன்றினான். அவனைச் சமன்செய்வதற்கென்றே, நாட்டுப்பற்றை அடிக்கொருதரம் வாய்விட்டுச் சொல்லும் 'நல்ல முஸ்லிம்' ஒருவனும் உடன் தோன்றினான். தமிழ்ப் படங்களும் இதற்கு விலக்கல்ல. அவற்றின் பழைய நகைச்சுவைக் காட்சிகளில் 'நம்பள்கி, நிம்பள்கி' என்று தடுமாறிப் பேசும் பாய் ஒருவர் வருவார். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் வழிவந்த சமுதாயத்துக்குத் தமிழ் பேசத் தெரியாது என்று கற்பித்தது அந்தத் திரை. நாமும் கொட்டகையில் அமர்ந்து சேர்ந்து சிரித்தோம்.

இவற்றைக் கண்ட நம்மவர்கள், ஒரு படத்தை மதிப்பிடும்போது ஒரேயொரு வினாவைத்தான் எழுப்பிவந்தார்கள். 'நம்மை நல்லவராகக் காட்டியிருக்கிறார்களா, கெட்டவராகக் காட்டியிருக்கிறார்களா?' என்பதே அது. இந்த வினா போதாது என்பது நம் கருத்து. நல்லவனாகக் காட்டப்படும் நவாபும் பொய்தான். கெட்டவனாகக் காட்டப்படும் கொலைஞனும் பொய்தான். கேட்கவேண்டியது வேறு: 'இந்த முஸ்லிமுக்கு ஒரு வீடு இருக்கிறதா?' கூரையும், வாடகையும், மூத்த தாயும், மணமாகாத மகளும், வேலையில்லாத பையனும் உள்ள வீடு. அத்தகைய வீட்டைக் காட்டிய படங்கள் சிலவே. அவை சுவரொட்டியோடு நம்மைத் தேடி வரவில்லை.

கரம் ஹவா

அவற்றுள் முதலாவதாக வைக்கத்தக்கது 'கரம் ஹவா'. வெப்பக் காற்று என்பது பொருள். 1973-இல் எடுத்து முடிக்கப்பட்டு, 1974-இல் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. இயக்கியவர் மைசூரைச் சேர்ந்த எம்.எஸ். சத்யூ. இஸ்மத் சுக்தாயின் அச்சேறாத கதை ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, கைஃபி ஆஸ்மியும் ஷமா ஸைதியும் திரைக்கதை அமைத்தனர். திரைப்பட நிதிக் கழகம் வழங்கிய சிறு தொகையைக் கொண்டு, ஆக்ராவின் தெருக்களிலும் பழைய வீடுகளிலும் படம்பிடித்தார்கள். கலவரம் மூளுமோ என்னும் ஐயத்தால் தணிக்கையில் பல மாதங்கள் முடங்கிக் கிடந்தது. ஆயினும், தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருதைப் பின்னர் அப்படமே பெற்றது.

கதை பிரிவினைக்குப் பிந்தைய ஆக்ராவில் நிகழ்கிறது. சலீம் மிர்ஸா காலணி செய்யும் தொழிற்கூடம் வைத்திருப்பவர். உறவினர் ஒவ்வொருவராகப் பாகிஸ்தானுக்குப் புறப்படுகின்றனர். புகைவண்டி நிலையத்துக்கு வந்து அவர்களை வழியனுப்பிவிட்டு, குதிரைவண்டியில் தனியே திரும்புவது அவருடைய வழக்கமாகிவிடுகிறது. காந்தியடிகளின் உயிர்த்தியாகத்துக்குப் பின் இந்நாட்டில் நிலைமை சீராகும் என்பது அவர் நம்பிக்கை. 'நான் போகமாட்டேன்' என்று அவர் உரக்கச் சொல்வதில்லை. போகாதிருக்கிறார். படம் முழுவதும் அவர் செய்யும் வீரச்செயல் அது ஒன்றே.

இனி, அவருக்கு நேரும் துன்பங்கள் எத்தகையவை என்று பாருங்கள். வாளோ தீயோ அல்ல. தொழிலுக்குக் கடன் கேட்டுப் போகிறார். இன்றோ நாளையோ எல்லை தாண்டிவிடக்கூடியவருக்குக் கடன் கொடுக்கத் தயங்குகிறார்கள். மூதாதையர் மாளிகை அண்ணன் ஹலீமின் பெயரில் இருந்தது. அவர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டபடியால், வெளியேறியோர் சொத்தென்று அரசு அதை எடுத்துக்கொண்டு சிந்து மாகாணத்திலிருந்து வந்த வணிகர் ஒருவருக்கு ஒதுக்குகிறது. வாடகை வீடு தேடி அலைகிறார். பெயரைக் கேட்டதும் கதவு மூடப்படுகிறது. இளைய மகன் சிக்கந்தர் பட்டம் பெற்றவன். நேர்முகத் தேர்வில், பாகிஸ்தானுக்குப் போனால் நல்ல வேலை கிடைக்குமே என்று அவனுக்கு அறிவுரை கூறுகிறார்கள். கதை நிகழும் காலத்துக்கும் நமக்கும் இடையே எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. பெருநகரங்களில் வாடகைக்கு வீடு தேடி, 'நீங்கள் பாயா?' என்னும் கேள்வியோடு திரும்பி வந்த நம் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

படத்தின் உயிர்நாடி, சலீமின் முதிய தாயாரைப்பற்றிய பகுதி. மாளிகையை விட்டு வெளியேறும் நாளில் அந்த மூதாட்டியைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், விறகு அடுக்கி வைக்கும் இடத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறார். தூக்கிக்கொண்டுதான் வெளியே வரவேண்டியிருக்கிறது. வாடகை வீட்டில் அவருக்கு உயிர் பிரியமாட்டேன் என்கிறது. அவர் உள்ளத்தில் கிடப்பது என்னவென்று உணர்ந்து, பல்லக்கில் வைத்துப் பழைய மாளிகைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். புதிய உரிமையாளர் மறுக்கவில்லை. மணப்பெண்ணாக நுழைந்த அதே வாசலில் மீண்டும் நுழைந்து, அங்கே கண் மூடுகிறார். அந்த வேடத்தில் நடித்தவர், தொழில்முறை நடிகையல்லாத, ஆக்ராவிலேயே கண்டறியப்பட்ட ஒரு மூதாட்டி. நம் வீடுகளில் மகனோடு பட்டணத்துக்குப் போக மறுத்து, 'என் மையித்து இந்த வீட்டிலிருந்துதான் போகவேண்டும்' என்று அடம் பிடிக்கும் பாட்டிமாரை நாம் அறிவோம். அவர்களுள் ஒருவரைத் திரையில் கண்டதுபோலவே இருக்கிறது.

சலீம் மிர்ஸாவாக வாழ்ந்து காட்டியவர் பல்ராஜ் சாஹ்னி. ராவல்பிண்டியில் பிறந்த அவர், பிரிவினையில் தம் பிறந்த மண்ணை இழந்தவர். தம் ஊரை இழந்த ஓர் இந்து, தம் ஊரை விடமறுக்கும் ஒரு முஸ்லிமாக நடித்தார். மகள் ஆமினா இருமுறை மணம் முறிந்து, உயிரை மாய்த்துக்கொண்ட நிலையில் கிடப்பதைக் காணும் கட்டத்தில் அவர் அலறுவதில்லை, மார்பில் அறைந்துகொள்வதில்லை, பார்த்தபடி நிற்கிறார். கண்ணீரை ஆறாகப் பெருக்கும் நடிப்பையே பெருநடிப்பு என்று பழகிய நம் கண்களுக்கு இது ஒரு பாடம். 1973 ஏப்ரல் 13-ஆம் நாள் அவர் காலமானார். இப்படத்துக்குக் குரல் கொடுக்கும் பணி அதற்குச் சற்று முன்னர்தான் முடிந்திருந்தது. திரையிட்ட படத்தை அவர் காணவில்லை.

குறை இல்லையா? உண்டு. இறுதியில் சலீமும் மனம் உடைந்து புறப்பட்டுவிடுகிறார். நிலையத்துக்குப் போகும் வழியில், வேலை கேட்டு முழங்கி வரும் ஊர்வலம் ஒன்று வண்டியை மறிக்கிறது. சிக்கந்தர் இறங்கி அதில் கலக்கிறான். பின்னர் தந்தையும் மனைவியை வண்டியில் திருப்பி அனுப்பிவிட்டு இறங்குகிறார். இரண்டு மணி நேரம் ஒவ்வொரு கதவாக மூடிக்காட்டிய படம், முடிவில் ஒரே ஊர்வலத்தால் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. எழுதியவர்களின் இடதுசாரிக் கொள்கை கதையை முந்திக்கொண்ட இடம் இது என்று நாம் கருதுகிறோம். ஆனாலும், கோபம் கொண்டு கிளம்பாமல், மற்றவர்களோடு சேர்ந்து உரிமை கேட்டு நிற்பதே வழி என்னும் முடிவைத் தவறென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. சொன்ன விதம் அவசரமானது. சொல்லிய செய்தி சரியானது. 2014-இல் பழுது நீக்கிப் புதுப்பித்து இப்படத்தை மீண்டும் திரையிட்டபோது, அச்செய்தி பழையதாகிப் போயிருக்கவில்லை.

மம்மோ

'கரம் ஹவா' போகமறுத்தவரின் கதை. 1994-இல் ஷியாம் பெனகல் எடுத்த 'மம்மோ', போய்விட்டுத் திரும்பி வர விரும்பியவளின் கதை. திரைப்பட விமர்சகர் காலித் முஹம்மத் தம் குடும்பத்து நினைவுகளிலிருந்து எழுதியது. பம்பாயில் சிறிய வீடொன்றில் ஃபையூஸி என்னும் பாட்டி, தாயற்ற பேரன் ரியாஸை வளர்த்து வருகிறார். பிரிவினையில் கணவனுடன் பாகிஸ்தான் சென்ற அவருடைய சகோதரி மம்மோ, கணவன் இறந்தபின் சொத்துக்காக உறவினரால் வெளியேற்றப்பட்டு, தற்காலிக அனுமதிச் சீட்டோடு இங்கு வந்து சேர்கிறார்.

மம்மோவாக ஃபரீதா ஜலால் நடித்திருக்கிறார். வாய் ஓயாத பெண். யார் காரியத்திலும் தலையிடும் பெண். அன்பினால் பிறரைத் திணறடிக்கும் பெண். ரியாஸுக்கு முதலில் எரிச்சல், பிறகு பாசம். சகோதரிகள் இருவரும் பழைய கணக்குகளைக் கிளறிச் சண்டையிடுகிறார்கள். அடுத்த வேளை சேர்ந்து உண்கிறார்கள். ஃபையூஸியாக நடித்த சுரேகா சீக்ரிக்கு இப்படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. மிகப் பொருத்தமான விருது. பாசத்தைக் கடுகடுப்பில் மறைத்துக்கொள்ளும் பெரியம்மாக்களை நம் குடும்பங்களில் எத்தனை பேரைக் கண்டிருக்கிறோம்!

இப்படத்தில் கொடியவன் என்று ஒருவனும் இல்லை. இருப்பது ஒரு முத்திரை. அனுமதிக் காலத்தை நீட்டிக்கக் காவல் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறார்கள். கையூட்டும் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஒருநாள் காவலர்கள் வந்து மம்மோவை அழைத்துப் போய் ரயிலேற்றிவிடுகிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் முதுமையோடு அவர் மீண்டும் வந்து கதவைத் தட்டும்போது, இம்முறை அவரை இழக்கக்கூடாதென்று குடும்பம் ஓர் உபாயம் செய்கிறது. மம்மோ இறந்துவிட்டதாகச் சான்றிதழ் பெற்றுவிடுகிறார்கள். இறந்தவரை யாரும் நாடு கடத்த முடியாதல்லவா?

காட்சியைப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. சற்று நேரம் கழித்துத்தான் உறைக்கிறது: ஒரு பெண் தான் பிறந்த நாட்டில் வாழ்வதற்கு, எழுத்தின்படி செத்துப்போக வேண்டியிருக்கிறது. நீண்ட வசனங்களால் சொல்லியிருந்தால் இந்தச் சுருக்கென்ற வலி நமக்குப் பட்டிராது. அந்த உபாயம் எவ்விதத் தடையுமின்றி எளிதில் பலித்துவிடுவது சற்றே நம்பத்தகாததுதான். எனினும் நாம் எடுத்துக்கொண்ட படங்களுள் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்க மிக ஏற்றது எது என்று கேட்டால், 'மம்மோ' என்றே சொல்வோம். ஆணையங்களும் மாநாடுகளும் பேசும் குடியுரிமையைப்பற்றி, இரண்டு கிழவிகளும் ஒரு பையனும் இவ்வளவு தெளிவாக நமக்கு உணர்த்திவிடுகிறார்கள்.

நஸீம்

மூன்றாவது படம் 'நஸீம்'. காலைத் தென்றல் என்று பொருள்படும் இப்பெயர், பதினைந்து வயதுப் பள்ளி மாணவி ஒருத்தியின் பெயர். 1995-இல் சயீத் அக்தர் மிர்ஸா இயக்கினார். சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. 1992 ஜூன் முதல் டிசம்பர் வரை, பம்பாயில் ஒரு நடுத்தரக் குடும்பம். படுக்கையில் கிடக்கும் தாத்தா பேத்திக்குப் பழைய ஆக்ராவைப்பற்றிக் கதை சொல்கிறார். தொலைக்காட்சிப் பெட்டி, அயோத்தியிலிருந்து நாள்தோறும் செய்தி சொல்கிறது. ஒரே வீட்டில் இரண்டு கதைசொல்லிகள். பேத்தி இருவருக்கும் நடுவே நிற்கிறாள்.

அந்தத் தாத்தாவாக நடித்தவர் கைஃபி ஆஸ்மி. ஆம், 'கரம் ஹவா'வின் திரைக்கதையை எழுதியவரேதான். ஆக்ராவை விட்டுப் போகாத ஒருவரை 1973-இல் எழுதியவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், ஆக்ராவை நினைத்துக்கொண்டு கிடக்கும் முதியவராகத் தாமே திரையில் தோன்றினார். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு, சலீம் மிர்ஸாவே முதுமையடைந்து நம்முன் வந்ததுபோல் தோன்றும். தனித்தனியே பார்த்தால் இது புலப்படாது. தேடிப் பார்ப்பவனுக்குக் கிடைக்கும் ஊதியம் இதுதான்.

'அன்று நாம் ஏன் பாகிஸ்தானுக்குப் போகவில்லை?' என்று மகன் கசப்போடு கேட்கும் இடம் ஒன்றுண்டு. நாட்டுப்பற்று, வரலாறு, மதச்சார்பின்மை என்று எதையும் கிழவர் பேசவில்லை. ஆக்ராவில் நம் வீட்டின் முன் ஒரு மரம் இருந்ததே, நினைவிருக்கிறதா என்று கேட்கிறார். அந்த மரம் உன் தாய்க்கும் எனக்கும் பிடித்திருந்தது என்கிறார். இந்த விடை தேசபக்தியை மெய்ப்பித்துக் காட்டச் சொல்லும் எவரையும் நிறைவுசெய்யாது. நிறைவுசெய்யவேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இல்லை. சொந்த வீட்டில் இருப்பவன், ஏன் இருக்கிறாய் என்பதற்குச் சான்று காட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 6 அன்று பாபரி மஸ்ஜித் இடிக்கப்படுகிறது. அதே நாளில் தாத்தா இறந்துபோகிறார். உருவகம் வெளிப்படையானது, ஓர் இழப்பின்மேல் மற்றோர் இழப்பை அடையாளமாக வைத்திருப்பது கண்ணை உறுத்துகிறது. ஸஃபர் என்னும் இளைஞன் பேசும் சினச்சொற்களும் சில இடங்களில் நாளேட்டுத் தலையங்கமாக ஒலிக்கின்றன. ஆனால் இடிபாட்டை நேரிற்காட்டி நம் ஆத்திரத்தைக் கிளறாமல், ஜனாஸா புறப்படவேண்டிய ஒரு வீட்டைக் காட்டியது பெரும் பக்குவம். அன்றைய நாளை நினைக்கும்போது, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மௌனமாயிருந்த பெற்றோர் நம்மில் பலர். அந்த மௌனத்துக்கு இப்படம் ஒரு மாற்று.

நம்மை நோக்கித் திரும்பும் கண்ணாடி

மேற்கூறிய மூன்றும் நமக்குப் பிறர் இழைத்ததைப் பேசும் படங்கள். அவற்றை மட்டும் பாராட்டிவிட்டு எழுந்துவிடுவோமாயின், நம் திறனாய்வு நேர்மையானதாகாது. நாம் நமக்கே இழைத்துக்கொள்வதைப் பேசும் படங்களும் உண்டு.

1982-இல் சாகர் சர்ஹதி இயக்கிய 'பாஸார்' அத்தகையது. ஹைதராபாத்தில் வறிய குடும்பத்துப் பெண்ணை, வளைகுடா நாட்டுப் பணத்தோடு வந்த வயது முதிர்ந்த ஒருவர் நிக்காஹ் என்ற பெயரில் வாங்கிச் செல்ல முனைகிறார். இடையில் நிற்கும் நஜ்மா, தன் வாழ்வு நேராகவேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாட்டுக்குத் துணைபோகிறாள். தான் யாரை விற்க உதவினோம் என்பது அவளுக்குத் தெரியவரும்போது காலம் கடந்துவிடுகிறது, மணப்பெண் உயிரோடில்லை. ஸ்மிதா பாட்டீல் நஜ்மாவாக நடித்தார். கய்யாமின் இசை இனியது. அந்த இனிமையே படத்துக்குக் கேடாகவும் முடிந்தது. பாடல்களை எல்லாரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள், கதையை மறந்துவிட்டார்கள். பெண்ணுக்கு மஹர் கொடுத்து மணமுடிக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, கைக்கூலி பேசி மணமுடிக்கும் நம் ஊர்களில், இப்படத்தைப் பார்த்து 'சமுதாயத்தை இழிவுபடுத்திவிட்டார்கள்' என்று சொல்வது எளிது. இழிவு படத்தில் தொடங்கவில்லை என்பதை ஒப்புவது கடினம்.

சயீத் மிர்ஸாவின் முந்தைய படமான 'சலீம் லங்டே பே மத் ரோ' 1989-இல் வந்தது. பம்பாயின் சந்துகளில் திரியும் சில்லறைத் திருடன் சலீம். பவன் மல்ஹோத்ரா நடித்தார். ஆலை வேலை இழந்த தகப்பன், தையலில் குனிந்த தாய், மணமாகவேண்டிய தங்கை. படித்த மாப்பிள்ளை ஒருவரின் பேச்சைக் கேட்டு அவன் மனம் மெல்லத் திருந்தத் தொடங்கும்போது, பழைய பகை அவனைக் குத்திச் சாய்த்துவிடுகிறது. அவனைத் தூயவனாகவும் காட்டவில்லை, அரக்கனாகவும் காட்டவில்லை. கல்வியை விட்டவர்களின் கதை எங்கே போய் முடியும் என்பதை ஆயிரம் மேடைப்பேச்சுகளைக் காட்டிலும் இப்படம் நன்றாக எடுத்துரைக்கிறது. தெருப்பேச்சும் வன்முறையும் உண்டாகையால் சிறுவர்களுக்கு ஏற்றதன்று. கல்லூரிப் பிள்ளைகள் பார்க்கலாம்.

நம் வீடு எங்கே?

இவை அனைத்தும் வடநாட்டுப் படங்கள். உருது பேசும் வீடுகள். தமிழ் முஸ்லிமின் வீடு வேறு. பிரிவினைப் புகைவண்டி நம் ஊர்களின் வழியே ஓடவில்லை. நம் வீட்டு ஆண்கள் போன வழி கடல்வழி: ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, பின்னர் வளைகுடா. போனவர்கள் திரும்பி வரும்வரை வீட்டைத் தாங்கியவர்கள் பெண்கள். இந்த வீட்டுக்கும் ஒரு கதை உண்டு. எழுத்தில் அது வந்துவிட்டது. தோப்பில் முஹம்மது மீரான் 1988-இல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை நூலாக வெளியிட்டார். 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004-இல் வந்தது. நம்மவர் வீட்டின் உள்ளறைகளை இவை தயக்கமின்றித் திறந்து காட்டின. தமிழ்த் திரையோ பெரும்பாலும் நம் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. பிரியாணி கேட்கவும், பெருநாள் வாழ்த்துச் சொல்லவும் மட்டும் அங்கே வந்து போனது.

இதற்குத் திரையுலகை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. வந்தவற்றை எல்லாம் வரிசையில் நின்று பார்த்தோம். மனம் புண்பட்டபோது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றினோம். நல்ல படம் ஒன்று வந்தபோது அதைத் தேடிப் போய்ப் பார்த்து, எடுத்தவருக்கு ஒரு கடிதம் எழுதியவர்கள் நம்மில் எத்தனை பேர்? கண்டனக் குரல் அவர்கள் செவிக்கு எட்டுகிறது. பாராட்டுக் குரல் எட்டுவதில்லை. அடுத்த படத்தை எடுக்க முனைபவர், எட்டிய குரலை வைத்தே நம்மைக் கணிக்கிறார். முஸ்லிம்களைப்பற்றி எடுத்தால் தொல்லைதான் என்று அஞ்சி ஒதுங்குகிறார். மீரானின் கடலோரக் கிராமம் திரைக்கு வராமலிருப்பதில் நம் பங்கும் இருக்கிறது.

ஆகவே வாசக அன்பர்களுக்கு நாம் கூறுவது இது. வரும் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்து அமர்த்தி, முதலில் 'மம்மோ'வைப் பாருங்கள். பின்னர் 'கரம் ஹவா', அதன்பின் 'நஸீம்'. பின்னிரண்டையும் இதே வரிசையில் பார்ப்பது நலம். மொழி புரியாத இடத்தில் நிறுத்தி, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லட்டும். படம் முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். அந்த மூதாட்டி ஏன் விறகுக்குள் ஒளிந்தார், அந்த மரத்தைப்பற்றி ஏன் தாத்தா பேசினார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வீட்டில் பெரியம்மா, பாட்டியார் இருந்தால் அவர்களும் பேசட்டும். அவர்கள் விட்டுவந்த வீடு எது, அதன் முற்றத்தில் நின்ற மரம் எது என்பதும் அப்போது தெரியவரும். நம் வீட்டின் கதையை நாளை எழுதவோ எடுக்கவோ போகிறவர், அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளையாகவே இருக்கலாம்.